அச்சிலிருந்து எடுத்த பிறகு ஏழு நாள்

திருப்பூரில் பிரிண்டிங் வேலை பார்த்த யாரிடமும் ‘கியூரிங்’ என்றால் விளக்கம் சொல்லத் தேவையில்லை. பனியன் துணியில் பிளாஸ்டிசால் இங்க்கை அடித்து கன்வேயர் டிரையரில் விடுவோம். சுமார் 160 டிகிரி செல்சியஸ் சூடு இங்க்கின் அடிவரைக்கும் போய்ச் சேர்ந்தால் அது கியூர் ஆனது. மறுமுனையில் வந்து விழும் பீஸை இரண்டு கையாலும் பிடித்து இழுத்துப் பார்ப்போம். பிரிண்ட் துணியோடு சேர்ந்து நீண்டால் சரி. வெடித்தால் அந்த லாட்டை மறுபடி ஓட்டவேண்டும். பதினோரு வருடம் அப்படி இழுத்துப் பார்த்த கைகள் இவை.

இப்போது அந்த வேலையில் இல்லை. ஆனால் பிளாஸ்டிசாலை விடவில்லை. வேறு பக்குவத்தில், வீட்டு மொட்டை மாடியில் வைத்துக் காய்ச்சுகிறேன், தூண்டிலில் மாட்டி விரால் பிடிக்கும் ரப்பர் மீன் செய்வதற்காக. ரப்பர் மீன் என்பது வாய்ப்பழக்கத்தில் வந்த பெயர். அதில் ரப்பர் துளியும் கிடையாது. பிவிசி பொடியும் பிளாஸ்டிசைசர் என்கிற எண்ணெயும் கலந்து நிற்கும் பால் போன்ற திரவம்தான் மூலப்பொருள். சூடேற ஏற பொடி எண்ணெயைக் குடித்து ஊதும், கெட்டிப்படும். இன்னும் சூடாக்கினால் தெளிந்து, பாகு போல இளகும். அதை அச்சில் ஊற்றி ஆறவிட்டால் விரலில் வளைகிற மீன் கிடைக்கும்.

இந்த வேலையைக் காட்டுகிற வீடியோக்கள் நிறைய இருக்கின்றன. நானும் அவற்றைப் பார்த்துத்தான் தொடங்கினேன். பெரும்பாலானவை ஊற்றுவதோடு முடிந்துவிடும். அச்சைத் திறந்து, மீனை எடுத்து, வாலை ஆட்டிக் காட்டிவிட்டு விடைபெறுவார்கள். வேலையில் பாதி அதற்குப் பிறகுதான் இருக்கிறது என்பதை நான் ஆற்றங்கரையில் தெரிந்துகொண்டேன்.

முதல் தடவை செய்த இருபது மீனையும் அன்றிரவே ஒரு கவரில் போட்டுக் கட்டி, மறுநாள் விடியற்காலையில் தாராபுரம் பக்கம் இருக்கும் பெரியப்பா ஊருக்கு எடுத்துப்போனேன். அமராவதியில் உயிர்த்தவளை போட்டு விரால் பிடிப்பவர் அவர். நான் வீசி இழுப்பதைக் கரையில் உட்கார்ந்து கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “கண்ணு, உன்ற மீனு நீந்தலியே, பம்பரமாச் சுத்துதே” என்றார். எடுத்துப் பார்த்தேன். ராத்திரி கவருக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக அழுந்திக் கிடந்ததில் எல்லா வாலும் ஒரு பக்கமாக மடங்கி, மடங்கியபடியே நின்றுவிட்டிருந்தன. வால் கோணினால் மீன் இழுக்க இழுக்கச் சுற்றும். மீன் சுற்றினால் தூண்டில் நரம்பு முறுக்கேறும். பத்து வீச்சுக்குள் ரீலில் நரம்பு சிக்கிவிட்டது. அன்று பெரியப்பாவுக்கு இரண்டு விரால் கிடைத்தது. எனக்கு முறுக்கு எடுக்கிற வேலை மட்டும்.

அங்கிருந்துதான் இந்த ‘பிறகு’ பற்றிய என் தேடல் ஆரம்பித்தது.

பிளாஸ்டிசால் மீனுக்குக் கியூரிங் இரண்டு தடவை நடக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். முதலாவது சூட்டில். பனியன் இங்க்குக்கு 160 டிகிரி போதும். ஊற்றுகிற பிளாஸ்டிசாலுக்கு சுமார் 175 டிகிரி வேண்டும். அதற்குக் கீழே நிறுத்திவிட்டால் பிவிசி துகள்கள் முழுசாக ஒன்றோடொன்று இணையாமல் நின்றுவிடும். மீன் பார்ப்பதற்கு மங்கலாக இருக்கும், கையில் எடுத்து இழுத்தால் பொட்டென்று அறும். பிரிண்டிங்கில் வெடித்த அதே வெடிப்புதான். 200 டிகிரியைத் தாண்டினால் மஞ்சளித்து, பிறகு பழுப்பாகி, கருகும். கருகும்போது ஹைட்ரஜன் குளோரைடு வாயு வெளியேறும். தொண்டையையும் நுரையீரலையும் அரிக்கும் வாயு அது. அதனால்தான் அடுப்பு மொட்டை மாடியில் இருக்கிறது. முகத்தில் அமில வாயுவைத் தடுக்கும் கார்ட்ரிட்ஜ் பொருத்திய மாஸ்க். துணி மாஸ்க் இதற்கு உதவாது. காய்ச்சும் பாத்திரம், கரண்டி எதுவும் சமையலறைக்குத் திரும்பிப் போகாது. வீட்டில் யாராவது இதைச் சமையலறை அடுப்பில் செய்கிறேன் என்றால் தயவுசெய்து நிறுத்தச் சொல்லுங்கள். சூடு பார்க்க, யூனிட்டில் பழகிய டெம்பரேச்சர் கன்தான். அது மேற்பரப்பை மட்டும்தான் பார்க்கும், ஆகவே நன்றாகக் கிளறிவிட்டு உடனே பார்க்கவேண்டும்.

இன்னொரு எதிரி தண்ணீர். 175 டிகிரி திரவம் ஈர அச்சில் விழுந்தால் அந்த ஈரம் நொடியில் நீராவியாகி, கொதிக்கும் பிளாஸ்டிக்கைத் தூக்கி முகத்தில் அடிக்கும். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சை ஐப்பசி மழைக்காலத்தில் நான் தொடுவதேயில்லை. மற்ற மாதங்களில்கூட அதை வெயிலில் நாள்கணக்கில் காயவைத்து, மேலே எபாக்சி பூசி ஈரம் ஏறாமல் அடைத்த பிறகுதான் பயன்படுத்துகிறேன். எடைக்காகச் சேர்க்கும் உப்பும் அப்படித்தான். உப்பை இரும்பு வாணலியில் வறுத்து, நைசாக அரைத்து, ஆறியதும் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு வைக்கவேண்டும். ஈர உப்பு கடுகு மாதிரிப் பொரியும். உப்பு கூடக்கூட மீன் சீக்கிரம் மூழ்கும், ஆனால் சதை பலவீனமாகும். விராலுக்குப் பல் கூர்மை. ஆகவே என் மீனில் உப்பு கொஞ்சமாகத்தான் இருக்கும்.

இங்கே ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன், திருப்பூர்க்காரர்கள் பலர் கேட்கிறார்கள். யூனிட்டில் மீந்த பிரிண்டிங் இங்க்கை வைத்து மீன் ஊற்ற முடியாது. நான் முயன்றிருக்கிறேன். அது சூட்டில் கெட்டியாகுமே தவிர, ஊற்றுகிற பதத்துக்கு இளகி வராது. துணிமேல் மெல்லிய படலமாக நிற்கத்தான் அது தயாரிக்கப்படுகிறது. மீனுக்கென்று எண்ணெய் அதிகமாகச் சேர்த்த பிளாஸ்டிசால் தனியாகக் கிடைக்கிறது. அதிலும் தாலேட் என்கிற, உடல்நலத்துக்குக் கெடுதலான பிளாஸ்டிசைசர் இல்லாத வகையைத்தான் வாங்குகிறேன். எக்ஸ்போர்ட் ஆர்டர் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. குழந்தைகளின் பொம்மைகளில் சில தாலேட்டுகள் 0.1 சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி. ஊரார் குடத்தில் மொண்டு போகும் ஆற்றில் போடப்போகிற பொருளுக்கு அந்த அக்கறையாவது வேண்டும்.

இந்தப் பொருளின் பிறப்பும் ஒரு தொழில் நகரத்தில்தான். அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் இருக்கும் ஆக்ரன், டயர் கம்பெனிகளின் ஊர். அங்கே பி.எஃப். குட்ரிச் நிறுவனத்தில் வேலை பார்த்த வால்டோ செமன் என்ற வேதியியலாளர் 1926-ல், ரப்பரை உலோகத்தோடு ஒட்டவைக்க ஒரு பசை தேடிக்கொண்டிருந்தார். யாருக்கும் உதவாது என்று ஒதுக்கப்பட்டிருந்த பிவிசியை, கொதிநிலை அதிகமான ஒரு கரைப்பானில் போட்டுச் சூடாக்கினார். பசை கிடைக்கவில்லை. வளைந்து நிமிரும் ஒரு புதுப்பொருள் கிடைத்தது. அதே ஆக்ரனில் 1949-ல் நிக் கிரீம் என்ற மெஷினிஸ்ட், மனைவியோடு சேர்ந்து தன் வீட்டு அடுப்பில் பிளாஸ்டிக் மண்புழுவை வார்த்தார். தபாலில் ஒரு டாலருக்கு ஐந்து புழு என்று விற்றார்கள். பின்னாளில் டெக்சாஸ் மாநிலத்து டைலர் நகருக்குத் தொழிலை மாற்றினார். ஒரு தொழில் ஊரின் மூலப்பொருள் அந்த ஊர்க்காரரின் வீட்டு அடுப்பில் ஏறித் தூண்டில் முனைக்கு வந்த கதை என்பதால், பனியன் ஊர்க்காரனான எனக்கு அதில் ஒரு உறவு தெரிகிறது.

சரி, இரண்டாவது கியூரிங்குக்கு வருகிறேன்.

அச்சில் ஊற்றிய மூன்று அங்குல மீன் சில நிமிடத்தில் கையில் எடுக்கிற அளவுக்கு இறுகிவிடும். இறுகிவிட்டதே, முடிந்தது என்று தோன்றும். முடிந்திருக்காது. பிளாஸ்டிசாலில் நடப்பது எபாக்சியில் நடப்பது போன்ற வேதிப் பிணைப்பு இல்லை. பிவிசியின் நீண்ட சங்கிலிகள் எண்ணெயில் ஊறிக் கிடக்கின்றன. ஆறும்போது அந்தச் சங்கிலிகள் அங்கங்கே அடுக்காகச் சேர்ந்து குட்டிக்குட்டிப் படிக முடிச்சுகள் போட்டுக்கொள்கின்றன. வலையில் முடிச்சு இருப்பதுபோல, அவைதான் மீனுக்கு உருவத்தைப் பிடித்துக் கொடுக்கின்றன. எல்லா முடிச்சும் முதல் ஐந்து நிமிடத்தில் விழுந்துவிடுவதில்லை. அச்சிலிருந்து வந்த பிறகும் விழுந்துகொண்டே இருக்கின்றன. அந்த நாட்களில் மீன் எந்த நிலையில் கிடக்கிறதோ அந்த நிலைதான் அதற்கு நினைவில் நிற்கும். கவருக்குள் வால் மடங்கிக் கிடந்தால் மடங்கிய வால்தான் அதன் உருவம். என் முதல் இருபது மீனுக்கு நடந்தது இதுதான்.

ஆகவே அச்சிலிருந்து எடுத்ததும் நேராகத் தண்ணீரில். ஒரு அகலமான டப்பில் பச்சைத் தண்ணீர் நிரப்பி வைத்திருப்பேன். அச்சுக்கும் இந்த டப்புக்கும் நடுவே நல்ல இடைவெளி இருக்கவேண்டும், துளி தெறித்து அச்சில் விழக்கூடாது. தண்ணீர் நாலாபக்கமும் தாங்கிப் பிடிப்பதால் மீனின் வயிறு சப்பையாகாது. தரையில் சுடச்சுடப் படுக்கவைத்தால் படுத்த பக்கம் தட்டையாகிவிடும். பதினைந்து, இருபது நிமிடம் தண்ணீரில் கிடந்தபின் எடுத்து, பழைய பனியன் துணியால் ஒற்றி, காற்றில் உலரவிடுவேன்.

உலரவைக்கும் இடத்தில்தான் நான் அதிகமாகப் பாடம் படித்தேன். ஒருமுறை தினசரித் தாளை விரித்து அதன்மேல் வரிசையாகப் படுக்கவைத்தேன். மூன்றாம் நாள் எடுத்தபோது வெள்ளை மீன்களின் வயிற்றில் அன்றைய செய்தி தலைகீழாகப் பதிந்திருந்தது. மீனுக்குள் இருக்கும் எண்ணெய் வெளியே கசிந்து, அச்சு மையைக் கரைத்து, உள்ளே இழுத்துக்கொண்டுவிட்டது. துடைத்தால் போகாது. இன்னொரு முறை தெர்மாகோல் பலகை. மீன் படுத்த இடமெல்லாம் பள்ளம் விழுந்து, வெள்ளைப் பசையாக மீனில் ஒட்டிக்கொண்டது. எலக்ட்ரீஷியன்கள் பிவிசி ஒயரைத் தெர்மாகோலில் படாமல் விலக்கி ஓட்டுவது இதே காரணத்துக்காகத்தான் என்பது எனக்கு அப்புறம்தான் புரிந்தது. பிவிசியின் எண்ணெய்க்குப் பாலிஸ்டைரீன் என்றால் அவ்வளவு பிரியம்.

இப்போது கண்ணாடித் தட்டு அல்லது எவர்சில்வர் தாம்பாளம். வேறெதுவும் இல்லை. ஒன்றோடொன்று ஒட்டாமல் விரலிடை விட்டு, வால் நேராக, முதுகு மேலே பார்க்க. நேரடி வெயில் கூடாது. மின்விசிறிக் காற்றும் தேவையில்லை. ஒரு நாள் கழித்து எல்லாவற்றையும் ஒருமுறை திருப்பிப் போடுவேன். பிறகு தொடமாட்டேன்.

எத்தனை நாள்? ஒரு நாள் போதும் என்று சிலர் செய்கிறார்கள். நான் பழைய தொழில் புத்தியில் ஒரே லாட்டிலிருந்து முதல் நாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள் என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். வாலை மடித்து, மேலே ஒரு கிளிப்பைப் போட்டு, மறுநாள் கிளிப்பை எடுத்தேன். முதல் நாள் மீனின் வால் மடங்கியே நின்றது. மூன்றாம் நாள் மீன் பாதிதான் நிமிர்ந்தது. ஏழாம் நாள் மீன் கிளிப்பை எடுத்த கொஞ்ச நேரத்தில் தானாக நேரானது. இழுத்துப் பார்த்ததிலும் ஏழாம் நாள் மீனுக்கு ஒரு எதிர்ப்பு இருந்தது. அதற்கப்புறம் என் கணக்கு ஏழு நாள்தான். சாயம் பிடிக்கவும் இந்த நாட்கள் உதவுகின்றன. மேல்தோலில் முதலிரண்டு நாள் இருக்கும் பிசுபிசுப்பும் வாடையும் அடங்கிவிடும்.

முதல் நாளிலேயே வால் கோணியிருந்தால் தூக்கி எறிய வேண்டாம். கொதித்து இறக்கிய தண்ணீரில் சில விநாடி முக்கி, நேராகப் பிடித்து, குளிர்ந்த தண்ணீரில் விட்டால் நிமிர்ந்துகொள்ளும். கடையில் வாங்கிய மீனுக்கும் இது பலிக்கும்.

பேக்கிங்கும் கியூரிங்கின் தொடர்ச்சிதான் என்று நினைக்கிறேன். எண்ணெய் மீனுக்குள் அமைதியாக இருப்பதில்லை. தொடுகிற பொருளுக்கெல்லாம் போகப் பார்க்கும். ஒரு சித்திரை மாதம், கண்ணாடி மாதிரித் தெளிவான ஒரு கெட்டிப் பிளாஸ்டிக் பெட்டியில் அறை அறையாக மீன்களை அடுக்கி அலமாரியில் வைத்தேன். ஆனியில் திறந்தபோது அறைத் தடுப்புகள் இளகி வளைந்திருந்தன. மீன்கள் அடியோடு ஒட்டிப்போயிருந்தன. ஒரு மாத வேலை, நாற்பது மீன். பெட்டியின் அடியில் இருக்கும் முக்கோணத்தைப் பாருங்கள். உள்ளே 5 என்றிருந்தால் பாலிபுரொப்பிலீன், தாங்கும். 6 என்றால் பாலிஸ்டைரீன், வேண்டாம். முக்கோணமே இல்லாத பெட்டி என்றால், ஒரு அறுந்த வாலை அதன் மூடியில் ஒட்டி ஒரு வாரம் வெப்பமான இடத்தில் வைத்துப் பாருங்கள். தடம் விழுந்தால் அந்தப் பெட்டி தூண்டில் முள்ளுக்கும் ஈயக் குண்டுக்கும் மட்டும்தான்.

எனக்குப் பெட்டியைவிடக் கவர்தான் பிடித்திருக்கிறது. ஜிப் வைத்த பாலிதீன் கவர், கொஞ்சம் தடிமனாக. மளிகைக் கடையில் கிடைக்கும் மெல்லிய கவருக்குள் மீன்கள் கசங்கும். தடித்த கவருக்குள் வைத்தாலும் குறுக்கே மடங்காமலிருக்க, மாத்திரை அட்டைபோல ஒவ்வொரு மீனுக்கும் பள்ளம் வைத்த தட்டு கம்பெனிக்காரர்கள் போடுகிறார்கள். நான் அதற்குப் பதில் கவரின் அகலத்துக்குப் பாலிபுரொப்பிலீன் ஃபைல் அட்டையை வெட்டி நடுவில் செருகிவிடுகிறேன். ஒரு பக்கம் மூன்று, மறுபக்கம் மூன்று. தலையும் வாலும் மாற்றி மாற்றி. ஆறு மீனுக்குமேல் ஒரு கவரில் போடுவதில்லை. இடம் மிச்சம் பிடிக்கிற ஆசையில் பத்து போட்டால் நடுவில் இருப்பதன் வால்தான் பலியாகும்.

ஒரு கவருக்கு ஒரே நிறம். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. கறுப்பையும் வெள்ளையையும் சேர்த்து வைத்தால் ஒரு மாதத்தில் வெள்ளை சாம்பலாகும். பளிச்சென்ற கிளிப்பச்சையும் ரோஜா நிறமும் இன்னும் மோசம், அந்தப் புளோரசன்ட் சாயங்கள் எண்ணெயோடு நடந்துபோய் அடுத்த மீனில் குடியேறிவிடும். இரண்டு நிற மீன் செய்தால், பச்சை வயிறும் கறுப்பு முதுகுமாக இருந்த எல்லை சில மாதத்தில் மங்குவதையும் பார்க்கலாம். டிபிஇ என்கிற வேறுவகைப் பொருளில் செய்த மீன்களையும் இதோடு கலக்காதீர்கள். நண்பர் ஒருவர் இரண்டு வகையையும் ஒரே டப்பாவில் போட்டு வைத்திருந்தார். ஒன்றையொன்று இளக்கி, பிரிக்க முடியாத ஒரே உருண்டையாகக் கொண்டுவந்து காட்டினார்.

கவரை மூடுமுன் நாலைந்து சொட்டு லிக்விட் பாரஃபின். மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும். மீன்கள் ஒட்டாது, தோல் பளபளப்பாக இருக்கும். தேங்காய் எண்ணெய், கடலை எண்ணெய் வேண்டாம், சிக்குவாடை வரும். மணத்துக்கு ஒரு காலத்தில் கருவாட்டுத் தூள் தூவிப் பார்த்தேன். விரால் விரும்பியதோ இல்லையோ, பூஞ்சை விரும்பியது. அந்தக் கவர்கள் எல்லாம் போயின. இப்போது சோம்பு எண்ணெய் ஒரு சொட்டு, அதுவும் பாரஃபினில் கலந்து. உள்ளே தண்ணீர்ச் சொட்டு ஒன்றுகூட இருக்கக்கூடாது. ஈரம் தங்கினால் தெளிவான மீன் பால்போல் மங்கிவிடும்.

பிறகு சீட்டு. பிரிண்டிங் யூனிட்டில் ஒவ்வொரு லாட்டுக்கும் எழுதி வைப்போமே, அதேபோல ஊற்றிய தேதி, சாயம் எத்தனை சொட்டு, உப்பு எத்தனை கிராம், கடைசியாகப் பார்த்த சூடு. சீட்டைக் கவருக்கு வெளியேதான் ஒட்டவேண்டும், உள்ளே போட்டால் மை மீனுக்குப் போய்விடும். ஒரு நிறத்துக்கு விரால் வந்து அடித்தது என்றால், ஆறு மாதம் கழித்து அதையே திரும்பச் செய்ய இந்தச் சீட்டுதான் கைகொடுக்கிறது. வைக்கும் இடம் பீரோவின் கீழ்த்தட்டு. வெயிலில் நிறுத்திய காருக்குள் வைத்துவிட்டு வராதீர்கள். பங்குனி, சித்திரையில் மூடிய காருக்குள் ஏறும் சூடு, ஏழு நாள் பொறுமையை ஒரே மதியத்தில் கெடுத்துவிடும்.

கிழிந்த மீனை ஆற்றில் விடாதீர்கள். இதை நான் போகிற இடமெல்லாம் சொல்கிறேன். அது மக்காது. குளத்தடியில் கிடக்கும் ரப்பர் மீனை இன்னொரு மீன் விழுங்கினால் குடலில் அடைத்துக்கொண்டு சாகும். வேதிப் பிணைப்பு இல்லாததால் ஒரு நன்மை உண்டு, இந்தப் பொருளைத் திரும்ப உருக்கலாம். என் பையில் எப்போதும் ஒரு வெறும் கவர் இருக்கும். அறுந்த வால், பல் பட்டுப் பிய்ந்த உடல், கரையில் அடுத்தவர்கள் போட்டுவிட்டுப் போனது எல்லாம் அதில் சேரும். வீட்டில் கழுவி, முழுசாக உலர்த்தி, சிறிதாக வெட்டி, புதிய பிளாஸ்டிசாலோடு கலந்து உருக்கினால் கறுப்பு மீன் கிடைக்கும். ஒவ்வொரு தடவை உருக்கும்போதும் கொஞ்சம் மஞ்சளிப்பதால் வெளிர்நிறத்துக்கு ஆகாது. ஆனால் மாலை மங்கிய நேரத்து விராலுக்குக் கறுப்பைப் போல ஒரு நிறம் இல்லை என்பது என் அனுபவம்.

பெரியப்பா இன்னமும் தவளைதான் போடுகிறார். ஆனால் போன தையில் நான் கொடுத்த கவரைத் திறந்து, ஒரு மீனை உள்ளங்கையில் வைத்து, வாலை விரலால் மடக்கி விட்டுப் பார்த்தார். அது நிமிர்ந்தது. இன்னொரு தடவை மடக்கி விட்டார். “இத எத்தன நாளு வெச்சிருந்த?” என்று கேட்டார். சொன்னேன். அப்புறம், தவளைக்கென்று இடுப்பில் கட்டியிருந்த பையில் அந்தக் கவரையும் வைத்துக்கொண்டார்.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஊற்றிய முப்பத்தாறு மீன் இப்போது மாடி அறையில் மூன்று தாம்பாளத்தில் கிடக்கின்றன. பாதி கறுப்பு, பாதி கெண்டைக் குஞ்சு நிறம். இன்று வியாழன். காலையில் பார்த்தபோது ஒன்றின் வால் பக்கத்து மீனைத் தொட்டுக்கொண்டிருந்தது, நகர்த்தி வைத்தேன். மறுபடி ஞாயிறு வந்தால் ஏழு நாள் ஆகிவிடும். அன்று கவரில் போடவேண்டும்.